ஒரே மீன், ஒரே வருஷம், இரண்டு எண்: பிடிப்பு அறிவுரை எப்படிக் கணக்காகிறது?

பாய்மரம் (கேள்வி)

வடகிழக்கு அட்லாண்டிக் மேக்கரல் மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று ஐசிஇஎஸ் (கடல் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு) கொடுத்த அறிவுரைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2019-க்கு முதலில் சொன்னது 3,18,403 டன். சில மாதங்களில் அதே 2019-க்கு 7,70,358 டன் என்று மாற்றினார்கள். 2025-க்கு 5,76,958 டன். 2026-க்கு 1,74,357 டன். ஒரே வருஷத்தில் 70 சதவீத வெட்டு.

கடலுக்குள் எண்ண முடியாத மீனுக்குக் கடைசி இலக்கம் வரை எண் எங்கிருந்து வருகிறது? இப்படி ஆடுகிற எண்ணை வைத்து எப்படிக் கோட்டா போடுகிறார்கள்? கடைசி முடிவு யார் கையில்? "மீன் கொட்டிக் கிடக்கிறது" என்று படகுக்காரர்கள் சொன்னால் அதற்கு இந்தக் கணக்கில் இடம் உண்டா? பாடப்புத்தக விளக்கம் வேண்டாம், நடப்பது எப்படியோ அப்படியே சொல்லுங்கள்.

---

செவிக்கல்

எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

மூன்று விதமான டேட்டா வேண்டும்: எவ்வளவு பிடிபட்டது, பிடிபட்டதில் எந்த வயது எத்தனை, மீன்பிடிப் படகுகளைச் சாராத ஒரு சர்வே. இதில் ஒன்று கெட்டாலும் மாடல் ஓடும், எண்ணும் வரும். ஆபத்தே அங்கேதான்.

வயதுக்குச் செவிக்கல். மூளைக்கு அடியில் ஜோடியாக இருக்கும் சுண்ணாம்புக் கல். தலையைக் குறுக்கே வெட்டிச் சாமணத்தால் எடுத்து, மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் ஒளி புகும் வளையமும் புகாத வளையமும் மாறி மாறித் தெரியும். ஒரு ஜோடி ஒரு வருஷம். வட கோளத்தில் எல்லா மீனுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1 என்று வைத்துக்கொள்வது மரபு. அதனால் ஜனவரியில் பிடித்த மீனின் ஓரத்தில் முழுசாக உருவாகாத வளையத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். அதை எண்ணலாமா கூடாதா என்பதில்தான் இரண்டு பேர் ஒரே கல்லுக்கு 5 என்றும் 6 என்றும் சொல்வார்கள். இதன் விளைவு சின்னதில்லை. ஒரு வருஷம் பிறந்த குஞ்சுகள் மிக அதிகமாக இருந்தால், தவறாகப் படிக்கப்பட்ட பங்கு முன்னும் பின்னும் உள்ள வருஷங்களின் கணக்கில் வழிந்துவிடும். நல்ல வருஷம் சுமாராகவும் மோசமான வருஷம் பரவாயில்லை என்றும் தெரியும்.

கிழக்கு பால்டிக் காட் மீனுக்கு இது உச்சத்துக்குப் போனது. வளையமே தெளிவாக இல்லை, மீனின் வளர்ச்சியும் குறைந்துவிட்டது. 2014-இல் வயது அடிப்படையிலான மதிப்பீட்டையே கைவிட வேண்டியதாயிற்று. நீள அளவுகளையும் எடுத்துக்கொள்ளும் வேறொரு மாடலில் 2019-இல் கணக்குப் போட்ட பிறகுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. அந்த வருஷம் ஜூலையிலேயே ஐரோப்பிய ஆணையம் அவசரத் தடை போட்டது.

சர்வே பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: நிறையப் பிடிப்பதுதான் அதன் நோக்கம் என்று. வட கடல் சர்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை அரை டிகிரி அட்சம், ஒரு டிகிரி தீர்க்கம் கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டத்துக்குப் பொதுவாக இரண்டு இழுப்பு, அதுவும் வெவ்வேறு நாட்டுக் கப்பல்கள். ஒரே வகை இழுவலை, 4 நாட் வேகம், அரை மணி நேரம். மீனே இருக்காது என்று தெரிந்த கட்டத்திலும் வலை இறங்கும். பூஜ்யமும் ஒரு டேட்டா. வலையை நவீனமாக்கலாமே என்று கேட்பார்கள். மாற்றினால் பழைய வருஷங்களோடு ஒப்பிட முடியாமல் போகும். அமெரிக்க வடகிழக்குக் கரையில் ஆல்பட்ராஸ் IV கப்பலுக்குப் பதிலாக ஹென்றி பி. பிகலோ வந்தபோது, இரண்டையும் அருகருகே ஓட்டி 636 ஜோடி இழுப்புகள் போட்டு, ஒவ்வொரு மீனினத்துக்கும் மாற்றுக் காரணி கணக்கிட வேண்டியிருந்தது. அந்தப் பழைய கப்பலிலேயே 2002-இல் ஒரு விஷயம் வெளிவந்தது. வலையை இழுக்கும் இரு கம்பி வடங்களின் நீளக் குறிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அதனால் வலை கோணலாகப் போயிருக்கலாம். பிடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வு சொன்னாலும், மீனவர்களிடம் போன நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை.

மேக்கரல் கடலடியில் கிடக்கும் மீன் இல்லை, அதனால் அடிமட்ட இழுவலை சர்வே பெரிதாக உதவாது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முட்டை சர்வே நடக்கிறது. நுண்வலையில் முட்டைகளை அள்ளி, புதிதாக இட்டவற்றை மட்டும் எண்ணி, ஒரு தாய் எத்தனை முட்டை இடும் என்பதால் வகுத்து, தாய்மீன் எடைக்கு, அதாவது முட்டையிடும் பருவத்து மீன்களின் மொத்த எடைக்கு வருவார்கள். கூடவே கோடையில் மேல்மட்ட இழுவலை சர்வே, டேக் (அடையாளச் சிட்டை) பொருத்தி விட்ட மீன் திரும்பிக் கிடைப்பது. மூன்றும் எப்போதும் ஒரே கதையைச் சொல்வதில்லை.

பிறகு மாடல். தர்க்கம் எளிது: 2019-இல் பிறந்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் எத்தனை பிடிபட்டது என்று தெரியும். இயற்கையாக எத்தனை செத்திருக்கும் என்று ஒரு அனுமானம் உண்டு. இரண்டையும் கூட்டினால் ஆரம்பத்தில் எத்தனை இருந்திருக்க வேண்டும் என்று வரும். அந்த இயற்கை இறப்பு, 'எம்', பல மீன்களுக்கு வெறுமனே 0.2 என்று வைக்கப்பட்டது. நேரடியாக அளந்தது இல்லை. கூட்டம் முழுசாகப் பிடிபட்டு முடிந்த பழைய வருஷங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக நிற்கும். கோட்டாவுக்கு வேண்டியதோ கடைசி வருஷம், அதற்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு.

---

கோட்டுக்கணக்கு

செவிக்கல் விட்ட இடத்திலிருந்து. நண்பரே, உங்கள் 70 சதவீதத்துக்கு விதியின் வடிவத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரு கற்பனை மீன் இருப்பை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

ஐசிஇஎஸ் முறையில் மூன்று கோடுகள். 'பி-லிம்': தாய்மீன் எடை இதற்குக் கீழே போனால் புது வரவு (வருஷாவருஷம் புதிதாகச் சேரும் இளமீன்) பாதிக்கப்படும் என்று கருதப்படும் எல்லை. 70,000 டன் என்று வைப்போம். மதிப்பீட்டில் பிழை இருக்கும் என்பதால் அதற்கு மேலே ஒரு பாதுகாப்புக் கோடு. வழக்கமாக 1.4 மடங்கு, ஆக 98,000 டன். பல மீன்களுக்கு அதுவேதான் 'தூண்டு கோடு'. மூன்றாவது, நீண்ட காலத்தில் அதிகபட்ச விளைச்சல் தரும் மீன்பிடி இறப்பு வீதம், 'எஃப்'. நம் மீனுக்கு 0.30.

இந்த 0.30-ஐ 30 சதவீதம் என்று படிக்காதீர்கள். செய்தி அறிக்கைகளில் தினமும் நடக்கும் தவறு இது. இது நொடிக்கு நொடி வேலை செய்யும் வீதம். எம் 0.2 இருக்கும்போது, எஃப் 0.30 என்றால் வருஷத்தில் பிடிபடுவது இருப்பில் சுமார் 23.6 சதவீதம்தான்.

விதி இது: தாய்மீன் எடை தூண்டு கோட்டுக்கு மேலே இருந்தால் எஃப் 0.30. கீழே போனால் எவ்வளவு கீழே போனதோ அதே விகிதத்தில் எஃப்-உம் குறையும்.

இருப்பு 98,000-இலிருந்து 78,400-க்கு, அதாவது 20 சதவீதம் இறங்கியது என்று வையுங்கள். எஃப் 0.24 ஆகிறது. பிடிபடும் பங்கு 19.4 சதவீதம். இருப்பும் குறைந்தது, பங்கும் குறைந்தது, இரண்டும் பெருக்கிக்கொள்ளும்: பிடிப்பு 34 சதவீதம் விழும். இருப்பு பாதியாகிவிட்டால் எஃப் 0.15, பங்கு 12.7 சதவீதம், பிடிப்பு 73 சதவீதம் விழும். (இது பி-லிம்முக்கும் கீழே போன நிலை. நடைமுறையில் அடுத்த வருஷம் பி-லிம்மைத் தாண்ட வழியே இல்லை என்றால் அறிவுரை நேராகப் பூஜ்யம்.) இருப்பு விழுவதைவிட வேகமாகப் பிடிப்பு விழ வேண்டும் என்றே விதியை இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேக்கரல் விஷயத்தில் பல வருஷங்களாக நல்ல புது வரவு இல்லை, பிடிப்போ அறிவுரையைத் தாண்டிக்கொண்டே இருந்தது. கோட்டுக்கு மேலே இருந்தவரை அறிவுரை மெல்லத்தான் இறங்கியது.

2019-இன் இரட்டை எண் வேறு விவகாரம். அங்கே கடலில் ஒன்றும் மாறவில்லை. புதிய வகை மின்னணு டேக் டேட்டாவுக்கு மாடல் அளவுக்கு மீறிய எடை கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற டேட்டாக்கள் மேலே இழுக்க, டேக் மட்டும் கீழே இழுத்தது. இடைக்கால மறு ஆய்வு வைத்து, டேக் டேட்டாவில் எதைச் சேர்ப்பது என்று திருத்தினார்கள், எண் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஒரு எடையிடல் முடிவுக்கு 4.5 லட்சம் டன் விலை. கடைசி இலக்கம் வரை எழுதப்படும் எண்ணை நான் ஏன் முதல் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திப் படிக்கிறேன் என்று புரிந்திருக்கும்.

இந்த மாதிரி நோயை முன்கூட்டியே பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. கடைசி வருஷ டேட்டாவை மறைத்துவிட்டு மாடலை ஓட்டு. அப்புறம் கடைசி இரண்டு வருஷத்தை மறைத்து ஓட்டு. இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு ஓட்டமும் தன் கடைசி வருஷத்துக்குச் சொன்ன எண்ணை, முழு டேட்டா அதே வருஷத்துக்குச் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுச் சராசரி எடு. இதற்கு 'மோன் ரோ' என்று பெயர். 0.30 வந்தால், மாடல் தாய்மீன் எடையைச் சராசரியாக 30 சதவீதம் மிகையாகச் சொல்லிப் பிறகு இறக்கிக்கொள்கிறது என்று பொருள். நீண்ட ஆயுள் மீன்களுக்கு -0.15 முதல் 0.20 வரை, குறுகிய ஆயுள் மீன்களுக்கு -0.22 முதல் 0.30 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது கைக்கணக்கு. வெளியே போனால் இயற்கை இறப்பு மாறியிருக்கலாம், கணக்கில் வராத பிடிப்பு இருக்கலாம், சர்வேயின் பிடிதிறன் நகர்ந்திருக்கலாம். எது என்று அந்த எண் சொல்லாது.

இன்னொரு ஓட்டை, பலர் கவனிக்காதது: இடையாண்டு. 2026-க்கான அறிவுரை 2025-இல் எழுதப்படும், கையில் இருப்பதோ 2024 இறுதி வரையிலான டேட்டா. நடுவில் உள்ள 2025-இல் எவ்வளவு பிடிபடும் என்று அனுமானிக்க வேண்டும். "கோட்டா அளவுதான் பிடிப்பார்கள்" என்று போட்டு, உண்மையில் 30 சதவீதம் கூடப் பிடித்தால், 2026-இன் தொடக்க இருப்பே தவறு. மாடல் சரியாக இருந்தாலும் அறிவுரை மிகையாகிவிடும்.

---

மடிவலை

படகுக்காரர்கள் சொல்வதற்கு இடம் உண்டு, ஆனால் எந்த வடிவத்தில் என்பது முக்கியம்.

ஒரு மணி நேர இழுப்புக்கு எத்தனை கிலோ என்பது மீனவர் கையில் உள்ள அளவுகோல். அது பொய் சொல்வதில்லை. மீன் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது, அவ்வளவுதான். கூட்டமாகத் திரியும் மீன் குறையும்போது எல்லா இடத்திலும் சமமாக மெலியாது. ஓரங்களைக் காலி செய்துவிட்டு நல்ல இடத்தில் நெருக்கமாகக் கூடும். படகும் அங்கேதான் போகும். இருப்பு பாதியான பிறகும் மடி நிறைந்தே வரும்.

இதோடு தொழில்நுட்பம். எக்கோ சவுண்டர், வலை சென்சார், பெரிய எஞ்சின், ஜிபிஎஸ் தடம். பிடிதிறன் வருஷத்துக்கு 2.5 சதவீதம் கூடுகிறது என்று வைத்தால் 20 வருஷத்தில் 1.64 மடங்கு. அப்படியானால் 20 வருஷமாக மணிக்கு அதே கிலோ வருகிறது என்றால், இருப்பு 61 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். திருத்தாமல் இதை மாடலுக்குள் போட்டால் மாடலும் 'எல்லாம் நலம்' என்று சொல்லும்.

நியூஃபவுண்ட்லாந்து வடக்குக் காட் மீன் இதற்குக் கிளாசிக் உதாரணம். 1980-களில் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிவீதம் ஏறுமுகம், ஆய்வுக் கப்பல் சர்வே அப்படிச் சொல்லவில்லை. மதிப்பீட்டில் இரண்டையும் கலந்தார்கள். கரையோரச் சிறு மீனவர்கள் மீன் குறைகிறது, சின்னதாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சொன்னதற்குத்தான் கணக்கில் இடம் இல்லை. பிறகு திரும்பிப் பார்த்தபோது எஃப் இலக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடியிருந்தது தெரிந்தது. 1989-இல் அறிவியல் பக்கம் 1,25,000 டன் என்றது. அரசு வைத்தது 2,35,000 டன். 1992 ஜூலை 2-இல் மொத்தமாக மூடினார்கள். ஆகவே "விஞ்ஞானிகள் சொன்னார்கள், அரசியல்வாதிகள் கேட்கவில்லை" என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் முன்பாதியை மறைக்கிறார்கள். "மீனவர் சொன்னதைக் கேட்கவில்லை" என்பவர்களும் எந்த மீனவர் என்று சொல்வதில்லை.

படகுக்காரரிடமிருந்து கட்டாயம் வாங்க வேண்டியது வேறு: திருப்பிக் கொட்டிய மீன் எவ்வளவு, எந்த மாதத்தில் தளம் மாறினார்கள், எப்போது வலைக்கண் அளவை மாற்றினார்கள், விலைக்காகப் பெரிய மீனைத் தேடிப் போனார்களா. இது தெரியாமல் பிடிவீதத்தைத் திருத்தவே முடியாது. ஐசிஇஎஸ்ஸில் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு மீனுக்கும் முறையியல் மறு ஆய்வு நடக்கும். எந்த டேட்டா, எந்த மாடல், கோடுகள் எங்கே என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். வருடாந்திரக் கூட்டத்தில் சண்டை போட்டு எண்ணை மாற்ற முடியாது, அந்த மறு ஆய்வுக்கு டேட்டாவோடு போனால் முடியும்.

---

நடுமேசை

முடிவு யார் கையில் என்பது கடலுக்குக் கடல் மாறும்.

அமெரிக்காவில் 2006 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வரிசை கறாரானது. மதிப்பீடு 'மிகைப்பிடிப்பு எல்லை' ஒன்றைத் தரும். பிராந்திய மன்றத்தின் அறிவியல் குழு, நிச்சயமின்மைக்காக அதிலிருந்து கழித்து 'ஏற்கத்தக்க பிடிப்பு' என்று ஒன்றைச் சொல்லும். மன்றம் வைக்கும் வருடாந்திர வரம்பு அதைத் தாண்டக் கூடாது. கழிப்பதற்கு ஒரு நேர்த்தியான வழி: மிகைப்பிடிப்பு நடந்துவிடும் வாய்ப்பு எத்தனை சதவீதம் வரை சம்மதம் என்று மன்றத்தைக் கேட்பது. நிச்சயமின்மை 0.5 என்று விஞ்ஞானிகள் சொன்னால், 45 சதவீத வாய்ப்புக்குச் சம்மதித்தால் கழிவு சுமார் 6 சதவீதம், 40 சதவீதம் என்றால் 12 சதவீதம். இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு தெரியாது என்று சொல்வது விஞ்ஞானியின் வேலை, அதில் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று சொல்வது நிர்வாகத்தின் வேலை.

ஐரோப்பாவில் அறிவுரை ஒரு அறிவுரைதான். நிபுணர் குழு மதிப்பிடும், இன்னொரு குழு வாசகத்தை எழுதும், ஐசிஇஎஸ் ஆலோசனைக் குழு ஒப்புதல் தரும், வெளியாகும். பிறகு ஆணையம் முன்மொழியும், பக்கத்து நாடுகளோடு பேச்சு நடக்கும், டிசம்பரில் அமைச்சர்கள் கூடி மொத்த அனுமதிப் பிடிப்பை முடிவு செய்வார்கள். முடிவான மொத்தத்தை நாடுகளுக்குள் பிரிக்கும் விகிதம் 1983-இலிருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. சண்டை மொத்தத்தின் மேல்தான்.

மேக்கரலுக்கு வருவோம். பல வருஷங்களாகக் கரையோர நாடுகள் உட்கார்ந்து "மொத்தம் அறிவுரைப்படி" என்று கையெழுத்துப் போட்டுவந்தன. யாருக்கு எவ்வளவு என்பதில் எல்லோரும் சேர்ந்த ஒப்பந்தம் இல்லை. தம் பங்கு இவ்வளவு என்று தனித்தனியாக அறிவித்தார்கள், கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டியது. 2021 அறிவுரை 8,52,284 டன், பிடித்தது 10 லட்சத்துக்கு மேல். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. மாடலை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

2019 பற்றி ஒரு கொசுறு. அப்போது சில நாடுகளுக்குள் ஒரு திட்டம் இருந்தது, அதில் வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் கோட்டா மாறக் கூடாது என்ற விதி. 2018-இல் 8,16,797 டன், அதில் 20 சதவீதம் கழித்து 6,53,438 டன் என்று வைத்தார்கள். அறிவுரை 3.18 லட்சம் என்று இருந்தபோதே. பிறகு திருத்தம் வந்து அவர்கள் வைத்தது சரியாகிப் போனது. அதிர்ஷ்டம்தான். திருத்தம் எதிர்ப்பக்கம் போயிருந்தால் அதே 20 சதவீத விதி, விழுகிற இருப்பின் பின்னால் தாமதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கலப்பு மீன்பிடி என்று ஒன்று இருக்கிறது, அது தனி இழை போட வேண்டிய அளவு பெரியது. சுருக்கம்: ஒரே மடியில் ஹாடக் மீனும் காட் மீனும் சேர்ந்து வரும். காட் மீனுக்கு அறிவுரை பூஜ்யம் என்றால், பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற விதிப்படி முதல் காட் விழுந்த அன்றே படகைக் கரையில் கட்டிப்போட வேண்டும். நடைமுறையில், கூடவே சிக்குவதற்கு மட்டும் என்று சிறு கோட்டா வைக்கிறார்கள். காகிதத்தில் அது "அறிவுரையை மீறியது" என்றே பதிவாகும்.

---

பாய்மரம்

மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். ஒன்று, வயதே பார்க்க முடியாத, பெரிய மாடல் இல்லாத மீன்களுக்கு என்ன செய்கிறார்கள்? இரண்டு, ஓரிரு வருஷமே வாழும் சின்ன மீன்களுக்கு இரண்டு வருஷம் பழைய டேட்டா எதற்கு ஆகும்?

---

செவிக்கல்

இரண்டாவதிலிருந்து. அவற்றுக்கு எஃப் அடிப்படையிலான விதியே பொருந்தாது. 'இவ்வளவு மீன் முட்டையிடத் தப்ப வேண்டும்' என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பிடிப்பது முறை. பேரண்ட்ஸ் கடல் கேப்லினுக்கு விதி: முட்டையிடும் நேரத்தில் 2,00,000 டன் மிஞ்சுவதற்கு 95 சதவீத வாய்ப்பு இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் எக்கோ சவுண்டரில் அளந்து, குளிர்காலத்தில் காட் மீன் எவ்வளவு தின்னும் என்று கழித்து, மிச்சம் இருந்தால்தான் கோட்டா. பல வருஷம் பூஜ்யம் வந்திருக்கிறது, அதை யாரும் பேரிடராகப் பார்ப்பதில்லை.

பெரு அங்கோவெட்டாவுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஒலி சர்வே. 12 செ.மீ.க்குக் கீழே உள்ளது குஞ்சு, எண்ணிக்கையில் 10 சதவீதம் வரை பொறுப்பார்கள். 2023-இன் முதல் பருவத்தில் எங்கு பார்த்தாலும் குஞ்சாக இருந்ததால் வட மத்தியப் பகுதியில் பருவத்தையே ரத்து செய்தார்கள். உலகின் மிகப் பெரிய ஒற்றை மீன் தொழிலில் அப்படி ஒரு முடிவு எடுக்க முடிந்ததற்குக் காரணம், டேட்டா வாரக்கணக்கில்தான் பழையது.

சர்வே ஒரு வருஷம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பெரிங் கடல் பனி நண்டைப் பாருங்கள். 2020-இல் கோவிட் காரணமாக சர்வே இல்லை. 2021-இல் போனபோது நண்டைக் காணோம். 2018-19 கடல் வெப்ப அலைக்குப் பிறகு 1,000 கோடி நண்டுக்கும் மேல் மறைந்திருந்தது. குளிர்ந்த நீர் சுருங்கியது, சூட்டில் நண்டின் உணவுத் தேவை கூடியது, பட்டினி. 2022 அக்டோபரில் பருவத்தை மூடினார்கள். மீன்பிடியைக் குறைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சொல்ல இதில் வழியில்லை. நிலையான இயற்கை இறப்பு என்ற அனுமானம் உடையும் இடம் இது.

---

கோட்டுக்கணக்கு

டேட்டா குறைந்த மீனுக்கு: ஐசிஇஎஸ் மீன் இருப்புகளை 6 வகையாகப் பிரிக்கிறது. முதல் வகைக்கு முழு மாடல், கடைசிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்றாம் வகையில் சர்வே குறியீடு மட்டும் இருக்கும். அதற்கு நான்கு எண்களின் பெருக்கல்:

போன அறிவுரை 4,000 டன் என்று வையுங்கள். குறியீட்டின் கடைசி 2 வருஷ சராசரியை அதற்கு முந்தைய 3 வருஷ சராசரியால் வகுத்தால் 0.9. பிடிபட்ட மீனின் சராசரி நீளத்தை, சரியான அழுத்தத்தில் இருக்க வேண்டிய நீளத்தால் வகுத்தால் 0.95. குறியீடு, இதுவரை கண்ட மிகக் குறைந்த மதிப்பின் 1.4 மடங்குக்கு மேலே இருந்தால் 1, கீழே போனால் அந்த விகிதம். நமக்கு 1. கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கைக் காரணி: மெதுவாக வளரும் மீனுக்கு 0.95, கொஞ்சம் வேகமானதற்கு 0.9. நமக்கு 0.95. பெருக்கினால் 3,249 டன். ஏறினால் 20, இறங்கினால் 30 சதவீதத்துக்கு மேல் ஒரேயடியாக மாறக் கூடாது என்று ஒரு கடிவாளமும் உண்டு. மூன்றாவது எண் 1-க்குக் கீழே போய்விட்டால் கடிவாளம் கழன்றுவிடும்.

எங்கே சறுக்கும் என்றால் நீளத்தில். ஒரு நல்ல வருஷத்துக் குஞ்சுகள் வலைக்குள் நுழைந்தாலே சராசரி நீளம் விழும். விதி அதை மிகைப்பிடிப்பு என்று படித்து வெட்டச் சொல்லும். இரண்டு வருஷம் கழித்து அதே கூட்டம் வளர்ந்ததும் ஏற்றச் சொல்லும்.

நடுமேசை சொன்ன ஆபத்துப் பிரிவினையின் முழு வடிவம் தெற்கு நீலத்துடுப்புச் சூரையில் இருக்கிறது. அங்கே வருஷாவருஷம் மதிப்பீடு செய்து பேரம் பேசுவதில்லை. 2011-இல் ஒரு சூத்திரத்தையே முன்கூட்டி ஒப்புக்கொண்டார்கள். ஆயிரங்கால் தூண்டிலின் பிடிவீதமும் இளமீன் குறியீடும் உள்ளே போனால் மூன்று வருஷக் கோட்டா வெளியே வரும், ஒரு தடவைக்கு 3,000 டன்னுக்கு மேல் மாறாது. இலக்கு, 2035-க்குள் தொடக்க நிலையின் 20 சதவீதத்தை எட்ட 70 சதவீத வாய்ப்பு. ஒப்புக்கொள்ளும் முன்பே கணினியில் பல கற்பனைக் கடல்களில் அதை ஓட்டினார்கள்: எம் தவறாக இருந்தால்? பிடிப்பை மறைத்தால்? புது வரவு நான்கு வருஷம் சரிந்தால்? எல்லாவற்றிலும் தாங்கியதைத்தான் எடுத்தார்கள். 2019-இல் வந்த அடுத்த சூத்திரத்தில் மரபணு டேக்கும், தாய்-குட்டி உறவைத் திசுவில் கண்டுபிடித்துத் தொகையைக் கணிக்கும் முறையும் உள்ளே வந்துவிட்டன. 2035 இலக்கை 2020 மதிப்பீட்டிலேயே எட்டியிருந்தது.

---

மடிவலை

மேலே வடக்குக் காட் பற்றி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, கேள்விக்கு நேரடித் தொடர்புள்ளது. 2024-இல் 18,000 டன்னோடு அங்கே வணிக மீன்பிடியைத் திரும்பத் திறந்தார்கள். மீன் திடீரென்று பெருகியதால் அல்ல. மாடலையும் எல்லைக் கோட்டையும் மறு ஆய்வு செய்தார்கள், கோடு கீழே நகர்ந்தது, இருப்பு இருந்த இடத்திலேயே இருந்து 'அபாய' மண்டலத்திலிருந்து 'எச்சரிக்கை' மண்டலத்துக்கு வந்தது. ஆகவே, பாய்மரம், அறிவுரைத் தாள் கையில் வந்தால் முதல் பக்கத்து டன் எண்ணுக்கு முன்னால் கோடுகள் எழுதப்பட்ட அட்டவணைக்குப் போங்கள். போன வருஷத் தாளைப் பக்கத்தில் வைத்து, கோடு நகர்ந்திருக்கிறதா, எம் மாறியிருக்கிறதா, இடையாண்டுக்கு எவ்வளவு பிடிப்பு என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றும் அப்படியே இருந்து எண் மாறியிருந்தால்தான் கடலில் ஏதோ மாறியிருக்கிறது.

---

கோட்டுக்கணக்கு

நாலாவதாக, எந்த சர்வே அந்த வருஷம் நடக்கவில்லை என்றும் பாருங்கள். அது பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது, அடிக்குறிப்பில் இருக்கும்.